வாசலைத் தாண்டும் அந்த ஒரு வினாடி



சற்று முன் இந்த அரங்கத்துக்குள் நான் நுழைந்தபோது ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே எதிரே போனார். வாசல்வரை பேச்சு தடையில்லாமல் நடந்தது. படி இறங்கி நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டார். "கடைசியா என்ன சொன்னே? கேக்கலையே" என்று இரண்டு முறை கேட்டார். உள்ளே இருந்தவரை அவர் பேச்சு இந்தக் கட்டடத்தின் வைஃபையில் போயிருக்கும். வெளியே வந்ததும் செல்பேசி நிறுவனத்தின் டவருக்கு மாறியிருக்கும். மாறுகிற நேரத்தில் எதிர்முனையிலிருந்து வந்த சில சொற்கள் எங்கோ விழுந்துவிட்டன. அவை எங்கே விழுந்தன, ஏன் விழுந்தன என்று தேடுவதிலேயே என் வேலைநாட்களில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இன்று பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான்.

சில சொற்கள்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. நம் மொழியில் வாக்கியத்தின் உயிர் அதன் கடைசியில் இருக்கிறது. ஆம்புலன்ஸில் போகும் செவிலியரிடம் மருத்துவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மருத்துவமனை வளாகத்தை விட்டு வெளியே வருகிறது. "அந்த மருந்தைக் கொடுக்க" என்பது வரை காதில் விழுகிறது. அடுத்த அரை வினாடி விழவில்லை. கொடுக்கலாம் என்றாரா, கொடுக்கக் கூடாது என்றாரா? இணையத்தில் குரல் போகும்போது 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி அனுப்புகிறார்கள். ஒரு வினாடி தொடர்பு அறுந்தால் 50 பொட்டலங்கள் போயின. அந்த ஐம்பதில் ஒரு 'கூடாது' தாராளமாக அடங்கிவிடும்.

ஒரு கம்பியில்லா வலையிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு மாறுவதைக் கைமாற்றம் என்று சொல்கிறேன். 'கைமாற்று' என்றால் நம் பக்கத்தில் சிறு கடன். அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொடர்பு அறாமல் கைமாற்றம் நடப்பதுதான் நாங்கள் தேடுவது. அதை அளந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சோதனைக்களம் என்கிறேன்.

டவருக்கு டவர் மாறுவது பழைய சங்கதி. ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு நிலையம் வைக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரில் ஒரு குறிப்பு எழுதினார். அப்படி வைத்தால் ஓடுகிற காரில் பேசுபவரை ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்ததற்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கான இணைப்பு முறைக்கு அதே ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1972இல் காப்புரிமை பெற்றார். 1983இல் சிகாகோவில் அது வணிகச் சேவையாகவே வந்துவிட்டது. அங்கே ஒரு பெரிய வசதி இருந்தது: இரண்டு டவரும் ஒரே முதலாளியுடையவை. எப்போது மாறுவது, எதற்கு மாறுவது என்று வலையே முடிவு செய்யும். கையில் இருக்கும் கருவி கீழ்ப்படியும்.

வைஃபையிலிருந்து டவருக்கு மாறும்போது அந்த வசதி கிடையாது. வைஃபை வீட்டுக்காரருடையது, அல்லது காப்பிக் கடைக்காரருடையது. டவர் வேறொரு நிறுவனத்துடையது. ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. இரண்டையும் அறிந்தது உங்கள் கையில் இருக்கும் கருவி மட்டும்தான். அது தனியாகவே கண்டுபிடித்து, தனியாகவே முடிவெடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை முதலில் முறையாகக் கட்டிப் பார்த்தவர்களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ராண்டி காட்ஸ் தலைமையில் இயங்கிய குழுவுக்கு முக்கிய இடம் உண்டு. 1990களின் நடுப்பகுதி அது. அவர்கள் மூன்று வலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தார்கள். அறைக்குள் மட்டும் எட்டுகிற அகச்சிவப்பு வலை. கட்டடம் முழுக்க எட்டுகிற வேவ்லான். நகரம் முழுக்க எட்டுகிற ரிகோஷே. இந்த ரிகோஷே தெருவிளக்குக் கம்பங்களில் ரேடியோப் பெட்டிகளை மாட்டி நடத்தப்பட்ட சேவை. அறையிலிருந்து வெளியே வந்தால் கட்டட வலை, கட்டடத்திலிருந்து வெளியே வந்தால் நகர வலை. மேலே போகப் போகப் பரப்பு கூடும், வேகம் குறையும்.

1998இல் மார்க் ஸ்டெம்மும் காட்ஸும் வெளியிட்ட முடிவை நான் என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். கைமாற்றத்தில் நேரத்தைத் தின்பது மாறுகிற வேலை என்றுதான் எவரும் நினைப்போம். அவர்கள் அளந்து பார்த்தபோது நேரம் போனது வேறிடத்தில்: பழைய வலை போய்விட்டது என்று கருவி கண்டுகொள்வதற்கே வினாடிகள் ஆயின. கண்டுகொண்ட பிறகு மாறுவது சின்ன வேலை. உடனே அவர்கள் அந்தக் கண்டுகொள்ளும் நேரத்தைக் குறைப்பதில் இறங்கினார்கள். 'நான் இருக்கிறேன்' என்று நிலையம் கூவுகிற கூவலை அடிக்கடியாக்கிப் பார்த்தார்கள். ஒரே பொட்டலத்தை இரண்டு நிலையங்கள் வழியாகவும் அனுப்பிப் பார்த்தார்கள். பக்கத்து நிலையங்கள் சில பொட்டலங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் வந்து சேர்ந்ததும் கொடுக்கும்படி செய்தார்கள். அறைக்கும் கட்டடத்துக்கும் இடையிலான கைமாற்றம் மிகச் சிறந்த நிலையில் சுமார் 170 மில்லிவினாடிக்கு இறங்கியது. கட்டடத்துக்கும் நகரத்துக்கும் இடையில் சுமார் 800.

அந்தக் குழுவில் ஆய்வு மாணவராக இருந்தவர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னை ஐஐடியில் 1993இல் பட்டம் பெற்றுப் பெர்க்லிக்குப் போனவர். கம்பியில்லா இணைப்பில் பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசல் என்று தவறாக எண்ணி, இணையத்தில் பொட்டலங்களை அனுப்பும் நெறிமுறை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் தவறை நிலையத்திலேயே சரிசெய்யும் வழியை அங்கே அவரும் நண்பர்களும் உருவாக்கினார்கள். 2023இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. இந்தத் துறையின் அடித்தளத்தில் நம் ஊர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கை இருப்பதை இங்கே இருக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, வலை மாறினால் ஏன் தொடர்பு அறுகிறது என்பதைப் பார்ப்போம். இணையத்தில் உங்கள் முகவரிதான் உங்கள் அடையாளம். வலை மாறினால் முகவரி மாறும். எதிர்முனைக்காரர் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருப்பார். நம் ஊரில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. பிழைப்புக்காகச் சென்னைக்குக் குடிபோனவருக்குக் கடிதம் ஊர் முகவரிக்கே வரும். தபால்காரருக்குச் சென்னை முகவரியைச் சொல்லி வைத்திருந்தால், அவர் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதித் திருப்பிவிடுவார். மொபைல் ஐபி என்பது இதேதான். 1996இல் அதன் முதல் தரநிலை வந்தது. ஐபி ஆறாம் பதிப்புக்கானது 2004இல் வந்தது. சொந்த ஊரில் ஒரு முகவர் இருப்பார். கருவி எங்கே போனாலும் 'இப்போது இங்கே இருக்கிறேன்' என்று அவருக்குச் சொல்லி அனுப்பும். அவர் பொட்டலங்களைத் திருப்பிவிடுவார்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நாங்கள் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன்.

கையில் இருந்தவை லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினிகள், இரண்டு வைஃபை பெட்டிகள், ஒரு டேட்டா டாங்கிள். மூன்றாம் மாடி நடையின் இரு கோடிகளில் வைஃபை பெட்டிகளை வைத்தோம். இரண்டும் வெவ்வேறு முகவரிப் பரப்பு. ஒரு மாணவர் மடிக்கணினியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் நடப்பார். எத்தனை பொட்டலம் தொலைந்தது என்று எண்ணுவோம். காலையில் ஒரு கணக்கு வந்தது, மதியம் ஒரு கணக்கு. வகுப்பு மணி அடித்து நடை நிறைய மாணவர்கள் வந்தால் மூன்றாவது கணக்கு. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும். ஆகவே எங்கள் அளவைக் கூட்டமே மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறு நேற்று வந்து இன்று வராமல் போனால் அதைத் திருத்திவிட்டோமா, அது தானாக ஒளிந்துகொண்டதா என்று எப்படித் தெரியும்? கோளாறைக் கேட்டபோதெல்லாம் திரும்ப வரவழைக்க முடிகிற இடம்தான் சோதனைக்களம். அந்தக் கணக்கில், நடை இன்னும் சோதனைக்களம் ஆகவில்லை.

எனவே நடப்பதை நிறுத்தினோம். கருவியை ஓர் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். கதவோரத்து நீள இடுக்கு வழியாக அது தாராளமாக நுழைகிறது. செம்புப் பட்டையும் அலுமினியத் தாளும் ஒட்டி ஒட்டி அடைத்தோம். வைஃபை பெட்டிகளின் ஆன்டெனாக்களைக் கழற்றி, கேபிள் வழியாகச் சிக்னலை உள்ளே கொண்டுபோனோம். கேபிளின் நடுவே தணிப்பான். அட்டெனுவேட்டர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் சிறு கருவி அது. கணினி சொல்கிறபடி சிக்னலை டெசிபெல் டெசிபெல்லாகக் குறைக்கும். 3 டெசிபெல் குறைத்தால் சக்தி பாதியாகும். 10 குறைத்தால் பத்தில் ஒன்று. ஒரு பெட்டியின் சிக்னலை மெல்லக் குறைத்து மற்றதை மெல்ல ஏற்றினால், பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் கருவி தான் நடையில் நடந்து போவதாகவே நம்பும். அந்த நடையை எத்தனை முறை வேண்டுமானாலும் அதே வேகத்தில் நடக்க வைக்கலாம்.

ஆனால் சீராகக் குறைகிற சிக்னல் உண்மையான நடை ஆகாது. உண்மையில் அது ஏறி இறங்கித் துடிக்கும். இதற்கும் முன்னோடிகள் வழி காட்டியிருந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மகாதேவ் சத்யநாராயணன், அவரும் சென்னை ஐஐடிக்காரர்தான், தம் மாணவர் பிரையன் நோபிளோடும் பெர்க்லி நண்பர்களோடும் சேர்ந்து 1997இல் ஒரு முறையை வெளியிட்டார். கருவியோடு உண்மையாகவே ஒரு முறை நடந்து, வழியெல்லாம் வலை எப்படி இருந்தது என்று பதிவு செய்துகொள்வது. பிறகு அந்தப் பதிவை ஆய்வகத்தில் ஓடவிட்டு, கருவிக்கு அதே அனுபவத்தை மீண்டும் தருவது. அதே வழியில் எங்கள் நடையைப் பதிவு செய்து தணிப்பானுக்கு ஊட்டினோம். அதன் பிறகுதான் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்து வரத் தொடங்கின.

ஒத்து வந்ததும் ஒரு வெற்றிடம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வினாடிக் கணக்கில் எதுவும் வரவில்லை.

முதலில் ரேடியோவைத்தான் சந்தேகித்தோம். காரணமும் இருந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மிஸ்ரா, ஷின், ஆர்பா மூவரும் 2003இல் வைஃபை கைமாற்றத்தை அளந்து, அதன் நேரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் புதிய நிலையத்தைத் தேடுவதிலேயே போகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒவ்வோர் அலைவரிசையாகப் போய் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். தேட வேண்டிய அலைவரிசைகளைக் குறைத்தோம். வெற்றிடம் சுருங்கியது, போகவில்லை. அடுத்து, புதிய வலையின் வழிகாட்டி, அதாவது ரூட்டர், எப்போது தன்னை அறிவிக்கிறது என்று பார்த்தோம். பழைய விதிப்படி அந்த அறிவிப்புகளுக்கு இடையே குறைந்தது 3 வினாடி விட வேண்டும். ஓடியாடும் கருவிகளுக்காக 2004இன் தரநிலை அதை 30 மில்லிவினாடி வரை குறைக்க இடம் கொடுத்தது. குறைத்தோம். இன்னும் சுருங்கியது. அதற்கப்புறமும் ஒரு வினாடி பாக்கி இருந்தது.

பல நாள் அதோடு மல்லுக்கட்டினோம். டிரைவர் மென்பொருளை மாற்றினோம், பெட்டியை மாற்றினோம், கேபிளைக்கூட மாற்றினோம். கடைசியில் ஒரு மாணவி பொட்டலப் பதிவுகளை வரிசையாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். "சார், இது எல்லா ஓட்டத்திலும் சரியாக ஒரு வினாடி" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று ஒருபோதும் சரியாக ஒரு வினாடி தராது. காற்றில் நடப்பது கொஞ்சம் முன்பின் இருக்கும். சரியாக ஒரு வினாடி என்றால் அது ஒரு மனிதர் எங்கோ எழுதிவைத்த எண்.

எழுதியிருந்த இடமும் கிடைத்தது. ஐபி ஆறாம் பதிப்பில் கருவி தன் புதிய முகவரியைத் தானே அமைத்துக்கொள்கிறது. உபயோகிக்கும் முன் அக்கம்பக்கத்தில், "இந்த முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கும். மறுப்பு வருகிறதா என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பின் இயல்பு அளவு 1,000 மில்லிவினாடி. மேசைமேல் அசையாமல் இருக்கும் கணினிக்கு அது நல்ல பண்பு. நாளுக்கு ஒரு முறை ஒரு வினாடி யாருக்கும் வலிக்காது. ஆம்புலன்ஸில் போகிற கருவிக்கு அதுவே ஐம்பது பொட்டலம். முகவரி மோதுவது மிக அரிது, ஆகவே கேட்டுக்கொண்டே உபயோகிக்கவும் தொடங்கிவிடலாம் என்று 2006இல் ஒரு தரநிலை ஏற்கனவே வந்திருந்தது. அந்த வசதியை இயக்கினோம். அந்த ஒரு வினாடி போனது. அன்று மாலை ஆய்வகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

ரேடியோ நிபுணர் மட்டும் இருந்திருந்தால் அந்த வினாடியைக் கண்டிருக்க மாட்டார். முகவரி விதிகளை அறிந்தவர் மட்டும் இருந்திருந்தால் பீரோவின் இடுக்கைக் கண்டிருக்க மாட்டார். நம் கல்லூரிகளில் மின்னணுவியலும் கணினியியலும் வேறு வேறு கட்டடத்தில் இருக்கின்றன. இரண்டு துறையாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது.

கடிகாரம் பற்றி ஒரு வார்த்தை. அனுப்பிய நேரம் ஒரு கணினியிலும் வந்த நேரம் இன்னொன்றிலும் பதிவானால், இரண்டு கடிகாரமும் ஒத்திருக்கின்றனவா என்ற கேள்வி வருகிறது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகுகிற கடிகாரம் நிமிடத்துக்கு 3 மில்லிவினாடி தள்ளிப்போகும். ஒரு மணி நேரச் சோதனையில் 180. பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. அதைவிடப் பெரிய பிழை கடிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே கணினியாக இருக்கும்படி சோதனையை வளைத்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, டவரைப் பிடிக்கும் டாங்கிளைச் சேர்த்தோம். வைஃபைக்கும் டவருக்கும் இடையே மாறும்போது வேறு வகைச் சிக்கல் வந்தது. இந்தப் பாதையில் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தினர் 2000களின் தொடக்கத்திலேயே நடந்திருக்கிறார்கள். வோடஃபோனின் ஜிபிஆர்எஸ் என்ற செல்பேசி டேட்டா வலையையும் தங்கள் வைஃபையையும் இணைத்து அவர்கள் ஒரு சோதனைக்களம் கட்டினார்கள். ஜிபிஆர்எஸ்ஸில் ஒரு பொட்டலம் போய்ப் பதில் வர ஒரு வினாடிக்கு மேலாகும். வைஃபையில் சில மில்லிவினாடி. மெதுவான சாலைக்குப் பழகிய நெறிமுறை, வேகமான சாலைக்கு வந்த பிறகும் பழைய பொறுமையோடு காத்திருக்கும். வேகமானதிலிருந்து மெதுவானதற்குப் போனால், பதில் வரவில்லையே என்று பதறி, தொலையாத பொட்டலத்தை மறுபடி அனுப்பும். முகவரி சரியாக மாறினாலும் ஓட்டம் தடுமாறுவது இதனால்தான்.

இதற்கெல்லாம் நான் கண்ட மிக நல்ல மருந்து, பழையதை விடும் முன் புதியதைப் பிடித்துக்கொள்வது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் குறையாகச் சொல்கிறோம். கைமாற்றத்தில் அதுவே சரியான நிலை. கருவியில் இரண்டு ரேடியோ இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கட்டும். ஒரே தொடர்பைப் பல பாதைகளில் ஓட்டும் நெறிமுறைக்கு 2013இல் சோதனைநிலை வரையறை வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் சிரி சேவைக்கு அதை எடுத்துக்கொண்டது. 2021இல் தரநிலையான க்விக் நெறிமுறை முகவரியை அடையாளமாக வைத்துக்கொள்வதையே விட்டது. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி அடையாள எண் உண்டு; முகவரி மாறினாலும் அந்த எண் இருக்கும்வரை அதே தொடர்பு. ஊர் தபால்காரர் தேவையில்லை. கடிதம் எழுதுகிறவரிடமே வீடு மாறியதைச் சொல்லிவிடுகிறோம். நடுவில் இருக்கும் வலை செய்ய வேண்டியதை இரு முனைகளே செய்துகொள்ளட்டும் என்ற இந்த எண்ணத்தை, பாலகிருஷ்ணன் எம்ஐடியில் தம் மாணவர் அலெக்ஸ் ஸ்னோரனோடு 2000ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியிருந்தார்.

இரண்டு காலும் ஊன்றினால் பேட்டரி கரையும், டேட்டா இரட்டிப்பாகும். எப்போது ஊன்ற வேண்டும் என்று அறிவது பெர்க்லிக்காரர்கள் கண்ட அதே பழைய கேள்வி. சிக்னல் கொஞ்சம் குறைந்ததும் மாறு என்று சொன்னால், எல்லையில் நிற்கும் கருவி ஊஞ்சல் மாதிரி அங்கும் இங்கும் மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பொறு என்று சொன்னால், மாறும் முன் அறுந்துவிடும். இதற்கு ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்கள் கட்டடத்தில், உங்கள் நடையில் அளந்துதான் ஆக வேண்டும்.

அதனால்தான் இதை நம் ஊர்க் கல்லூரிகள் கட்ட வேண்டும் என்று கேட்கிறேன். சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் 2022 மே மாதம் தொடங்கப்பட்டது. அது சுமார் 220 கோடி ரூபாய் திட்டம். அது வேண்டும்தான். அதோடு பீரோவும் கேபிளும் தணிப்பானும் வைத்து ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று இருக்கலாம். செல்பேசி நிலையத்தையே மென்பொருளாக ஓட்டும் ஓபன்ஏர்இன்டர்ஃபேஸ் போன்றவை இன்று திறந்த நிலையில் கிடைக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: உரிமமில்லாமல் செல்பேசி அலைவரிசையில் சிக்னல் பரப்புவது சட்டப்படி குற்றம். பீரோவும் கேபிளும் அந்த வகையிலும் உதவும். உள்ளே நடப்பது வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவை அளந்து குறித்து வையுங்கள்.

கடைசியாக லிஃப்ட். நாங்கள் இதுவரை சோதித்ததில் மிகக் கடினமானது அதுதான். நடையில் சிக்னல் படிப்படியாக இறங்கும். கருவிக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். லிஃப்டில் கதவு மூடுகிற சில வினாடியில் பல பத்து டெசிபெல் ஒரேயடியாக விழுகிறது. வைஃபையும் போகிறது, டவரும் போகிறது. நடையில் பதிவு செய்த எந்த நடத்தையும் அங்கே உதவவில்லை. மாணவர்கள் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கிப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைத் தணிப்பானுக்கு ஊட்டி ஓட்டிப் பார்க்கிறோம். கதவு மூடும் முன்பே கருவி இரண்டாவது காலை ஊன்றியிருந்த ஓட்டங்களில், கதவு திறந்தவுடன் பேச்சு விட்ட இடத்தில் தொடர்கிறது. ஊன்றாத ஓட்டங்களில் எதிர்முனைக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவு மூடப்போகிறது என்பதைக் கருவி எதை வைத்து முன்கூட்டி அறியலாம் என்று இப்போது இரண்டு மாணவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.